ஜேபிஜே தேர்வு: பயத்துக்கு விலை பேசும் 'கேரண்டி'

போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். கிடங்கு, டெலிவரி வேன், வெஸ்ட்போர்ட்ஸ், நோர்த்போர்ட் குத்தகை வேலை என எங்கு போனாலும் இதே கதை. லோரி ஓட்ட 21 வயதும், 'இ' உரிமமும், சரக்கு வாகனங்களுக்கான ஜிடிஎல்லும் வேண்டும். 17 வயதில் எடுக்கக்கூடிய 'டி' உரிமம்தான் பலருக்கும் முதல் படி.

அந்தப் படியில்தான் 'கேரண்டி' பேச்சு வருகிறது. கொஞ்சம் கூடக் கட்டினால் நிச்சயம் பாஸ் என்கிறார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில், பையன் தோற்றுவிடுவானோ என்ற பயத்தில் கடன் வாங்கியும் கட்டுகிறார்கள்.

உண்மையில் இத்தேர்வில் மர்மம் ஏதுமில்லை. கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் போதும், தமிழிலும் எழுதலாம். திடலில் பலரையும் தடுமாற வைப்பது மேடு. மஞ்சள் கட்டத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, வண்டி பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். கிளட்சைப் பாதி விட்டதும் இஞ்சின் சத்தம் மாறும்; அதைக் காதால் பிடித்த பிறகே கைப்பிரேக்கை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் இஞ்சின் நின்றுவிடும். பார்க்கிங்கும் மூன்று முனைத் திருப்பமும் பழக்கத்தில் வந்துவிடும்.

சாலைத் தேர்வுக்கு 20 புள்ளிகள். 16 எடுத்தால் தேர்ச்சி. வழித்தடம் முன்பே நிர்ணயிக்கப்பட்டது, பயிற்சியில் ஓட்டிய அதே சாலைதான். கண்ணாடி பார்ப்பது, சிக்னல் போடுவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது எல்லாம் அதிகாரியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பொனெட்டைத் திறந்து பாகங்களைச் சொல்லும் இடத்தில் நம்மவர்கள் சிலர் திணறுவது வண்டி தெரியாமல் அல்ல, மலாய்ச் சொல் வாயில் வராமல். பெயர்களை மலாயில் மனப்பாடம் செய்துகொள்வது ஒரு மாலை வேலை.

திடலில் தேறி சாலையில் தோற்றால், சாலைத் தேர்வை மட்டும் மறுபடி எழுதலாம். கட்டணமும் காத்திருப்பும் கூடும், அவ்வளவுதான்.

'கேரண்டி' கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். காசு வாங்கியவர் எதுவுமே செய்யாவிட்டாலும், நன்றாகப் பழகியவர் எப்படியும் தேறுவார், பெயர் இடைத்தரகருக்கு. தோற்றவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் தரகருக்கு நட்டமில்லை. ஆபத்து முழுவதும் கட்டியவர் தலையில். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறையும், கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இதில் எது அதிகமோ அந்த அபராதமும் விதிக்கப்படலாம்.

இன்னொன்று, சுலபம் என்று 'டிஏ' எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமே. வீட்டுக் காருக்கு அது போதும். ஆனால் சரக்கு வேனும் சின்ன லோரியும் இன்னும் பல இடங்களில் மேனுவல்தான். துறைமுகப் பக்கம் வேலை தேடுபவர் கூடுதலாகச் சில மணி நேரம் கிளட்சோடு போராடி 'டி' எடுப்பதே மேல். 'கேரண்டி'க்கு ஒதுக்கிய காசு அந்தக் கூடுதல் பயிற்சிக்கு உதவும்.