மின்மடலின் மேலுறை

கடித உறையின்மேல் நாம் எழுதுவது பெறுவார் ஒருவரின் முகவரியையே. அஞ்சலகம் தன் முத்திரையை இடும். அதற்குமேல் பிறர் அறிய வேண்டுவதொன்றுமில்லை. இவ்வொழுக்கம் மின்மடலிலும் பேணப்படல் வேண்டும்.

அண்மையில் ஒரு சங்கத்தின் இணையத்தளம் தானே இயற்றியனுப்பிய அழைப்பொன்று எனக்குக் கிடைத்தது. அதன் தலைப்பில் உறுப்பினர் அனைவரின் முகவரிகளும் நிரல்பட நின்றன. 1983 ஆம் ஆண்டு வன்செயல்களால் மாத்தளையை நீங்கிக் கடல்கடந்து வாழ்வோர் பலர். மின்முகவரியொன்றே ஒருவரின் பணிமனையையும் நாட்டையும் காட்டிக்கொடுக்க வல்லது. அவரது இசைவின்றி அதனை வெளியிட நமக்கென்ன உரிமை?

ஆதலின் பழைய மாணவர் சங்கங்களின் தளங்களை நடத்தும் இளைஞர்க்குச் சில கூறுவேன். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மடலே செல்லுக. படிவத்திற் பிறர் எழுதும் பெயரை ஆராயாது தலைப்பில் இடற்க. அதனுள் ஒரு வரிமுறிவைப் புகுத்தித் தீயோர் புதிய பெறுநரைச் சேர்ப்பர். சங்கத்தின் பெயராற் குப்பை மடல்கள் பரவும். பி.எச்.பி. மொழியில், 2009 இல் வெளிவந்த 5.3 ஆம் பதிப்பு முதல், 'மெயில்.ஆட்_எக்ஸ்_ஹெடர்' என்னும் அமைப்பைத் திறந்துவைப்பின், மடலனுப்பிய நிரற்கோப்பின் பெயர் தலைப்பிற் பதியும். பிழைசெய்யும் நிரலைத் தேடுவார்க்கு அது துணை. ஏனையோர்க்கோ தளத்தின் உள்ளமைப்பைக் காட்டும் சாளரம். வேண்டாதவிடத்து மூடிவிடுக.

எனினும் அனைத்தையும் மறைத்தல் அறமன்று. அனுப்புநர் பெயர் மெய்யாக இருத்தல் வேண்டும். வழியிலுள்ள சேவையகங்கள் இடும் தடம் அஞ்சல் முத்திரையை ஒத்தது. அது நிற்பதே முறை.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சியன்று, உடன்பயின்ற நண்பர் நம்மை நம்பித் தந்த முகவரி என்பதனாலேயே அதனைக் காப்போமாக.