சிற்றரங்குகளும் அரசின் கடமையும்

கலை வாழ்வதற்குக் கலைஞன் மாத்திரம் போதாது. அவன் நின்று பாடுவதற்கு ஓர் இடமும், அமர்ந்து கேட்பதற்கு ஒரு கூட்டமும், அவ்விரண்டையும் ஆண்டுதோறும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாடும் வேண்டும். அவ்வேற்பாடு குலையுமாயின், இடமும் கூட்டமும் தாமாகவே குலைந்துபோம். புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் இசையையும் கூத்தையும் எண்ணுந்தோறும் இவ்வுண்மையே எமது நெஞ்சில் எழுகின்றது.

இக்கரையோரம் கலை வறுமையுடையதன்று. 1859ஆம் ஆண்டிலே ‘தமிழ் புளூட்டாக்’ எனும் நூலை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கு வழிகோலிய சைமன் காசிச்செட்டி பிறந்த கற்பிட்டி இங்குள்ளது. உடப்பிலே திரௌபதையம்மன் விழாவும் தீமிதிப்பும் பாரதக் கதையை ஆண்டுதோறும் ஊர்மக்கள் உள்ளத்திற் புதுப்பிக்கின்றன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலோ உழைப்பின் தாளத்திலேயே பிறந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியமர்ந்த முஸ்லிம் மக்கள், ஊர் நினைவுகளோடு தம் பாடல்களையும் உடன் கொணர்ந்தனர்.

புத்தளம் நகரை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் ‘மாஞ்சா’ இசையை இங்கு தனியே குறிப்பிடல் வேண்டும். ஐரோப்பியர் ஆட்சியிலே படைவீரராகவும் ஊழியராகவும் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் இவர்கள். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் மேளமும் இவர்களுக்கு இசைக்கருவிகள். பாட்டின் சொற்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியினவை. அம்மொழி அவர்தம் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பாட்டில் மாத்திரமே எஞ்சியிருக்கின்றது. பாடுவதற்கு மேடை இல்லையெனில் அதுவும் போய்விடும். பின்னர் எந்த நூலகத்திலும் அதனைத் தேடிப் பெற இயலாது.

சிற்றூர்க் களரிகள் சிற்றூருக்கு மாத்திரம் உரியவை என்று எண்ணுவோர் நம் நாட்டு நாடக வரலாற்றை ஒருமுறை நோக்குவாராக. மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்தே சிங்கள ‘நாடகம’ வகைக்கு மூலமென்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் ஒப்பமுடிந்த கருத்து. அந்நாடகம மரபைக் கிராமத்து ஆசிரியரிடம் கற்றே எதிரிவீர சரச்சந்திர 1956ஆம் ஆண்டு நவம்பரில் ‘மனமே’யைக் கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் ஏற்றினார். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரின் துணைகொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துக்களை அரங்கேற்றினார். பல்கலைக்கழகம் பெருமை கொண்ட அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவை ஓலைப்பந்தலும் மண்மேடையுமே. களரிகள் அதற்கு முன்னமே அழிந்திருப்பின், பேராசிரியர்கள் யாரிடம் சென்று கற்றிருப்பர்?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பது எமது குற்றச்சாட்டன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. 1978இல் டவர் மண்டப அரங்க மன்றத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் சீன உதவியோடு தாமரைத் தடாக அரங்கு கொழும்பில் எழுந்தது. இந்திய நன்கொடையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பண்பாட்டு நிலையம் கிடைத்தது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், உடப்புக் கூத்தனோ சிறாம்பியடிப் பாடகியோ இம்மண்டபங்களில் ஏறுவது வாழ்நாளில் ஓரிரு முறையே. மற்றைய நாளெல்லாம் அவர்க்கு வேண்டுவது, தம் ஊரில் இருநூறு பேர் அமரக்கூடிய ஓர் இடந்தான். பெருமண்டபத்துக்கு அடிக்கல்லுண்டு, அதில் அமைச்சர் பெயர் பொறிக்கலாம். ஓலைப்பந்தலில் அதற்கு இடமேது? பணம் ஏன் ஒரு பக்கமாகவே பாய்கின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணமென ஐயுறுகின்றோம்.

சிற்றரங்கின் கணக்கையும் சற்றே பார்ப்போம். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் வாடகை, உடை ஒப்பனைச் செலவு, மத்தளத்துக்குப் புதுத்தோல், ஆடுவோர் இழக்கும் நாட்கூலி எனச் செலவு விரிகின்றது. வருவாயோ ஊரார் கொடுக்கும் சிறு பணமே. கடல் பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. சட்டமும் சில வேளை இடறுகின்றது. ஒலிபெருக்கித் தொல்லையைத் தடுக்கும் நன்னோக்கோடு உயர் நீதிமன்றம் 2007இல் இட்ட கட்டளை, இரவு பத்து மணி முதற் காலை ஆறு மணிவரை அதற்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக்கிற்று. நோயாளியும் மாணவனும் உறங்க வேண்டுமென்பதை யார் மறுப்பர்? எனினும், விடியுமட்டும் ஆடப்படும் கூத்துக்கும் தெருவில் அலறும் விளம்பரத்துக்கும் வேறுபாடு உண்டன்றோ?

பிற நாடுகளைப் பார்ப்போம். பிரான்சிலே இசை நிகழ்ச்சி நுழைவுச் சீட்டின்மீது 3.5 வீத வரி அறவிடப்படுகின்றது. 2020இல் நிறுவப்பட்ட தேசிய இசை நிலையம் அப்பணத்தை இசைத்துறைக்கே திருப்புகின்றது. ஐக்கிய இராச்சியத்திலே 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 125 சிற்றிசை அரங்குகள் மூடப்பட்டன அல்லது இசையை நிறுத்தின. அதன்பின், பேரரங்குச் சீட்டு வருவாயில் ஒரு பங்கைச் சிற்றரங்குகளுக்கு ஒதுக்குமாறு 2024இல் அந்நாட்டு அரசு இசைத்துறையினரைக் கேட்டுக்கொண்டது. செல்வ நாடுகளிலேயே சந்தை காக்காத சிற்றரங்கை, நம் கரையோரத்தில் அது காக்குமென நம்புவது பேதைமை.

நமக்குப் புதுச்சட்டமும் பெருந்தொகையும் வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை 1946ஆம் ஆண்டின் கேளிக்கை வரிக் கட்டளைச் சட்டமே உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. அவ்வருவாயில் ஒரு பங்கை அவ்வப் பிரதேசத்தின் சிற்றரங்குகளுக்கென ஒதுக்குக. பாடசாலை மண்டபங்களை மாலை வேளைகளிற் குறைந்த கட்டணத்துக்குத் திறந்துவிடுக. மரபுக் கூத்துக்கு ஆண்டில் ஓரிரு இரவுகள், ஊராரின் இசைவோடு, ஒலிவரம்புக்கு உட்பட்டு அனுமதி வழங்க வழி காண்க. நிதியைப் பங்கிடும் குழுவில் அண்ணாவியாரும் ஆசிரியரும் மூவின மக்களும் இடம்பெறுக. கொடுக்கும் கை எதைப் பாடவேண்டுமெனக் கட்டளையிடுமாயின், அக்கொடையினும் இன்மை நன்று.

அடுப்பெரியாத வீட்டுக்கு ஆட்டம் எதற்கு என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது இக்கரையோர மீனவர் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. அரிசிப் பணத்தை எடுத்து அரங்குக்குக் கொடுக்குமாறும் நாம் கேட்கவில்லை. கலைக்கென ஏற்கெனவே ஒதுக்கும் பணம் தலைநகரோடு நின்றுவிடாமல், வரி செலுத்தும் மீனவனின் ஊருக்கும் வரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

அரசு அசையும்வரை ஆசிரியர்களும் மாணவர்களும் வாளாவிருத்தலும் தகாது. முதிய அண்ணாவியார் ஒருவரின் கூத்துக் கொப்பியைப் படியெடுத்து வைப்பதற்கும், ஒரு மாலையில் அவரைப் பாடசாலைக்கு அழைத்துப் பாடச் செய்வதற்கும் எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. இத்தவணையிலேயே அதனைத் தொடங்கலாம். முதியவர்கள் நமக்காக நெடுங்காலம் காத்திருக்கமாட்டார்கள்.