அடக்கம் செய்தல்

நம் வட்டத்தில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. கிட்டார் பிரசன்னாவின் 2006ஆம் வருஷத்து ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ இளமையின் ஆர்ப்பாட்டம். பியானோ வாசிக்கும் விஜய் ஐயர், தபலா வாசிக்கும் நிதின் மிட்டா இருவரோடும் சேர்ந்து 2011ல் அவர் தந்த ‘தீர்த்தா’ முதிர்ச்சி. முன்னதில் கத்தல், பின்னதில் அடக்கம். ஆகவே முன்னதை மறந்துவிடலாம். ‘தீர்த்தா’ மேலான ஆல்பம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ‘ஆகவே’யோடுதான் என் சண்டை.

அடக்கம் என்ற சொல்லைத் தமிழர்கள் பெண்ணுக்கும் பிணத்துக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விமர்சகர்கள் அதைக் கலைஞனுக்கும் வழங்க முன்வரும்போது, இரண்டில் எந்த அர்த்தத்தில் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

‘கணேஷா லேண்ட்’ என்ற பெயரே ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968ஆம் வருஷத்து ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ பெயரைச் சீண்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போன ஒருவர், ‘டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்’ என்றும் ‘பாட் பெல்லி ப்ளூஸ்’ என்றும் உருப்படிகளுக்குப் பெயர் வைத்தால் நம் பெரியவர்களுக்கு முகம் சுளிக்கத்தான் செய்யும். அதில் கேட்கிற இரைச்சல் வெறும் இரைச்சல் அல்ல என்பதை யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. வீணையில் மீட்டிய ஸ்வரம் பிறந்த கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. வைணிகர் அந்தத் தேய்வுக்குள்ளேயே கமகத்தை முடித்துக்கொள்ள வேண்டும். மின்கிட்டாரின் ஒலியைப் பெருக்கி உறும விடும்போது அதே ஸ்வரம் சாகாமல் நிற்கிறது. கமகத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். ப்ளூஸ்காரன் தந்தியை இழுத்து மூன்றாம் ஸ்வரத்தை இரண்டுங்கெட்டான் இடத்தில் நிறுத்துகிறானே, நம் காந்தாரம் ஊசலாடுவதும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். ஹெண்ட்ரிக்ஸின் உறுமலையும் கர்நாடக சங்கீதத்தின் அசைவையும் ஒரே தந்தியில் வைத்துப் பார்ப்பது குறும்பு அல்ல, ஆராய்ச்சி.

அந்த ஆல்பத்தின் குறை எனக்கும் தெரியும். விரல்களுக்கு இடைவெளியைக் கண்டால் பயம். கைதட்டல் எங்கே விழ வேண்டும் என்பதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

‘தீர்த்தா’வில் அந்தப் பயம் போய்விட்டது. 2007ல் இந்திய சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டுக்காக நடந்த ஒரு கச்சேரியில் கூடிய மூவர் அவர்கள். பாஸ் வாசிக்க ஆள் கிடையாது. பியானோவின் ஸ்வரங்களோ அடித்து வைத்த ஆணி, இழுத்தால் வராது. பக்கத்தில் தந்தியை இழுக்கிறவர் கொஞ்சம் அசந்தால் பியானோவே சுருதி பிசகியதுபோல் ஒலிக்கும். எனவே ஒவ்வொரு கமகத்துக்கும் பிரசன்னா முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது, பழக்கம் முடிவெடுக்க வழியில்லை. பல இடங்களில் அவர் கீழ்ஸ்தாயியில் ஒரு சிறு வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தரையாகக் கிடக்கிறார், பியானோ மேலே நடக்கிறது. பிறகு ஒரே ஒரு ஸ்வரத்தை இழுக்கிறார். அது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று அந்த விரலுக்குத் தெரியும் என்பது கேட்கிற நமக்கும் தெரிகிறது. அந்தத் தூரம் அளக்கப்பட்டது 2006ல்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்பு இயந்திரம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இழுவிசை பற்றி நான் சொல்ல வேண்டியதும் இல்லை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை பாடுகிறவரின் உடுக்கையைப் பாருங்கள். இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கதை பல இரவுகள் போகும். முதல் இரவிலேயே கயிற்றை முழுக்க இறுக்கிவிடுகிறவருக்குப் படுகளத்தன்று கையில் ஒன்றும் மிஞ்சாது. அதே சமயம், படுகளத்தன்று இறுக்கத் தெரியாதவரை ‘என்ன அடக்கமுங்க’ என்று சொல்லி யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததில்லை.

அடக்கத்தை ஒழுக்கமாக்கிப் பூஜை செய்கிறவர்கள் எரிக் க்ளாப்டனின் கதையையும் பார்க்கலாம். ஹெராயினிலிருந்து மீண்டு 1974ல் அவர் தந்த ‘461 ஓஷன் புலவார்ட்’ ஆல்பத்தில் கிட்டார் பின்வாங்கி நின்றது. பாட்டும் குழுவும் முன்னால் வந்தன. அதில் பெரிய வெற்றி பெற்றது ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய பாட்டு. கிட்டார் எங்கே என்று சிலர் கேட்டார்கள். நல்ல ஆல்பம்தான், சந்தேகமில்லை. 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் அதே மனிதர் போதையில் ஈனாக் பவலுக்கு ஆதரவாகவும் குடியேறிகளுக்கு எதிராகவும் பேசினார். ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிஸம்’ என்ற எதிர்ப்பு இயக்கம் கிளம்பியதற்கு அந்தப் பேச்சு ஒரு காரணம். கறுப்பர்களின் ப்ளூஸில் வயிறு வளர்த்தவர் பேசிய பேச்சு அது. விரல் அடங்கிவிட்டால் ஆள் முதிர்ந்துவிட்டார் என்ற கணக்கு அங்கேயே உதைபட்டுவிட்டது.

இதெல்லாம் கிட்டாரைப் பற்றி மட்டும் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். 1971ல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தபோது நாம் வைத்த பிரதான குற்றச்சாட்டு உரத்த குரல். குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. கோஷத்துக்கும் கவிதைக்கும் வித்தியாசம் தெரியாத பக்கங்கள் அவற்றில் நிறைய உண்டு. அதற்குப் பிறகு என்ன நடந்தது? தாழ்ந்த குரலே ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. எட்டு வரி, ஒரு ஜன்னல், ஒரு பறவை, கடைசியில் ஒரு மௌனம். எதை அடக்கினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அடக்குவதற்கு ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? எம்.டி. ராமநாதனின் விளம்ப காலத்தைத் தூக்கம் என்று கேலி செய்த சபாக்காரர்களை நாம் திட்டுகிறோம். அவர்கள் வேகத்தை வைத்து அளந்தார்கள், நாம் வேகமின்மையை வைத்து அளக்கிறோம். இருவர் கையிலும் ஒரே கடிகாரம். ராமநாதனின் நிதானத்துக்குள் இருந்த மூர்க்கம் இருவர் காதிலும் விழவில்லை.

அடுத்த இதழுக்கு ‘முதிர்ச்சி’ என்று கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிற நண்பர்கள், தயவுசெய்து முதலில் ‘டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்’ உருப்படியைக் கேட்கட்டும், ஒலியைக் குறைக்காமல். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.