உறை மோரும் மறதி நோயும்

 

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார்: “துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிய என் அத்தா, இப்போது அஸர் தொழுததையே மறந்து மீண்டும் மீண்டும் தொழுகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் இதனைக் கண்டறியலாம் என்பது உண்மையா?”

உண்மைதான், எனினும் ஓரளவுக்கே உண்மை. காரணத்தைக் காண்போம்.

நம் உடலின் புரதங்கள் நூலிழை போன்றவை. பெரும்பாலானவை முறையாக மடிந்தால்தான் பணி செய்யும். அந்த இழை எவ்வெவ்வாறு வளைய இயலும் என்பதற்கு 1963-இல் வரைபடம் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என்.இராமச்சந்திரன். அவ்வரைபடம் இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரும் தம் இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தால் நலிவுற்று, 2001-இல் மறைந்தார். புரதம் மடிப்புத் தவறித் திரள்வதோடு தொடர்புடைய நோய் அது!

மறதி நோயான அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்களும், நடுக்குவாதத்தில் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதமும் மூளையில் திரள்கின்றன. ஒரு கரண்டி உறை மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவது போல, ஒரு சிறு திரள் அருகிலுள்ள நல்ல புரதங்களையும் தன் வழிக்கு இழுக்கிறது.

இத்தீய குணத்தையே ஆய்வாளர்கள் துப்பறியும் கருவியாக்கினர். தூய புரதக் கரைசலில் நோயாளியின் தண்டுவட நீரைச் சிறிது சேர்ப்பர். அதில் உறை இருந்தால் கரைசல் திரளும். 1,100-க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ஆய்வில், நடுக்குவாத நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரிடம் இது தென்பட்டது.

இடர்ப்பாடு எங்கே? பாதி உறைந்த பாலை அந்நிலையிலேயே நிறுத்தி வைக்க நம்மால் இயலுமா? சிறு திரள்களும் அப்படியே. வளர்ந்துவிடும், அல்லது கலைந்துவிடும். அமிலாய்டு, குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உறையவைத்து உருக்கினால் அளவும் மாறும். ஆகவே ஒட்டாத குழாய்கள், பூச்சியத்துக்குக் கீழே 80 பாகைக் குளிர், திரளைப் பிணைத்து நிறுத்தும் வேதிப்பொருள்கள் என ஆய்வுக்கூடங்கள் பாடுபடுகின்றன. இவை சீராக அமையாவிடில், ஒருவரின் மாதிரியே இரு கூடங்களில் இருவேறு விடை தரும்.

2025 மே மாதம் அமெரிக்க அரசு, அல்சைமருக்கான முதல் இரத்தப் பரிசோதனைக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. அதுவும் அறிகுறியுடைய, 55 வயது கடந்தோருக்கே. பிற சோதனைகளோடு சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

ஆகவே சகோதரியே, இப்பரிசோதனையைத் தேடி அலையுமுன், அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அத்தாவை அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வயதின் கோளாறு என்று வாளாவிருந்தால் அந்த வாய்ப்பும் நழுவிவிடும்.

அத்தா மீண்டும் தொழ எழுந்தால் கடிந்து பேசாதீர்கள். அருகமர்ந்து, “தொழுதுவிட்டீர்கள் அத்தா” என மென்மையாகக் கூறுங்கள். அறிவு தடுமாறியோருக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பைக்கூடக் காட்டலாகாது என்ற திருமறையின் கட்டளையோ நமக்குரியது. நாம் மறக்கக்கூடாதது அதுவே.

அல்லாஹ் உங்கள் அத்தாவுக்கு நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.