பேச்சு குழறுகிறது என்று யார் சொல்வது?

பக்கவாதம் முதுமையின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் அரிவாளணுச் சோகை உள்ள குழந்தைக்கு அது இரண்டு வயதிலேயே வரக்கூடும். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மூளைக்குச் செல்லும் தமனிகளைச் சிதைத்துக் குறுக்கிவிடுகின்றன.

இது தொலைதூரச் செய்தியன்று. 1952இல் இந்நோயின் மரபுக்கூறு இந்தியாவில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். கல்பாத்தி அமைந்துள்ள இதே பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் இன்றும் அந்நோய் உண்டு.

தடுக்கும் வழி தெரிந்ததே. டாப்ளர் ஒலியலைக் கருவியால் மூளைத் தமனிகளில் இரத்தம் பாயும் வேகத்தை அளக்கலாம். அது நொடிக்கு 200 செ.மீ. அளவை எட்டிய குழந்தைகளுக்கு முறையாக இரத்தம் ஏற்றினால், முதல் பக்கவாதத்தின் அபாயம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைவதாக 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்திய நோயாளிகளிடம் கருநிலை ஹீமோகுளோபின் மிகுதி, நோயின் கடுமை குறைவு. ஆகவே இங்கு இச்சோதனை வேண்டியதில்லை என்பாருண்டு. அபாயம் குறைவு என்பது அபாயம் இல்லை என்று பொருள்படாது. எந்தக் குழந்தைக்கு அபாயம் என்பதை அளந்தே அறிய முடியும்.

என் துறை மொழியியல். அங்கிருந்து ஒரு கேள்வி. ஒரு பக்கம் தளர்தல், முகம் கோணுதல், வலிப்பு ஆகியவற்றை எவரும் கண்ணால் காணலாம். பேச்சுக் குழறலை எப்படி அறிவது? இருள மொழி தமிழுக்கு நெருக்கமானது, ஆயினும் தனிமொழி. மலையாளம் மட்டுமே அறிந்த செவிலியருக்கு, அக்குழந்தையின் பேச்சு குழறுகிறதா, அல்லது அதன் மொழியே அப்படித்தானா என்பது விளங்காது. வேறுபாட்டை உணர்பவர் தாய். அவர் சொல்வதை நோயறிகுறியாக ஏற்று, தாமதமின்றி எம்.ஆர்.ஐ. எடுக்கவும் இரத்தமாற்றம் செய்யவும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்தது. அச்சோதனை ஓர் அட்டையோடு முடிந்துவிடலாகாது. நோய் உறுதியான, இரண்டு முதல் பதினாறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் டாப்ளர் சோதனை வேண்டும். எச்சரிக்கைக் குறிகள் அவரவர் தாய்மொழியில் ஊர்தோறும் சொல்லப்பட வேண்டும். பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்தும் நாம், அந்த இரண்டாவது பணியை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிடுவது முறையாகாது.