வை-ஃபைக்கு எக்ஸ்டிபி: வரவேற்போம், வரிசையைக் கைவிடாமல்

லினக்ஸ் கெர்னலுக்குள் எக்ஸ்டிபி 2016-இல், 4.8 பதிப்பில் நுழைந்தது. நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட் வந்து இறங்கியவுடன், அதற்கென எஸ்கேபி என்ற கனமான தரவுக் கட்டமைப்பைக் கெர்னல் ஒதுக்குவதற்கு முன்பே, டிரைவருக்குள் ஒரு சிறிய ஈபிபிஎஃப் நிரல் ஓடி அந்தப் பாக்கெட்டை என்ன செய்வது என்று தீர்மானித்துவிடும். அங்கேயே கைவிடலாம், மேலே விடலாம், வந்த வழியே திருப்பி அனுப்பலாம், வேறொரு இன்டர்ஃபேஸுக்கு மாற்றிவிடலாம். ஒற்றை சிபியு கோரில் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட்டுகள் வரை இம்முறையில் கையாள முடியும் என்று 2018-இல் கோநெக்ஸ்ட் மாநாட்டில் வெளியான கட்டுரை காட்டியது. சர்வர்களில் ஓடும் கம்பிவழி கார்டுகளின் டிரைவர்கள் ஒவ்வொன்றாக இதை ஏற்றுக்கொண்டன. வை-ஃபை டிரைவர்களில் மட்டும் இது இன்னும் வழக்கமான அம்சமாகவில்லை.

அங்கும் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கும் பக்கத்தில் எக்ஸ்டிபி வரட்டும், ஆனால் சரியான இடத்தில் வரட்டும். அனுப்பும் பக்கத்தில், லினக்ஸின் வை-ஃபை அடுக்கான மேக்80211-இன் வரிசைகள் வழியாக மட்டுமே வரட்டும். அந்த வரிசைகளைத் தாண்டிக் குதிக்கும் எந்தக் குறுக்குவழியும் வை-ஃபையை முன்பிருந்த மோசமான நிலைக்கே கொண்டுபோய்விடும்.

கம்பிவழிக் கணக்கை வை-ஃபைக்கு அப்படியே பொருத்த முடியாது. 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரலாம். அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி; 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் சுமார் 200 சுழற்சிகள். அந்த நெருக்கடிக்குப் பிறந்த விடை எக்ஸ்டிபி. வை-ஃபை அணுகல் முனையத்தில் நிலைமை வேறு. நல்ல சூழலில் நிஜமாகவே 1 ஜிகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 1500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்குச் சுமார் 83,000 தான் வரும். ஒரு பாக்கெட்டுக்கு 12 மைக்ரோ நொடி. வீட்டு ரவுட்டர்களில் பரவலாக இருக்கும், 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எம்டி7621 சிப்பில்கூட அது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுழற்சிகள். இந்தப் பத்தாயிரத்துக்குள் ஃபயர்வால், முகவரி மாற்றம், பிரிட்ஜிங், மறுபக்கம் அனுப்புதல் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் மிச்சப்படும் ஒவ்வொரு சுழற்சிக்கும் மதிப்புண்டு. ஆனாலும் வை-ஃபையில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் சிபியு அல்ல, ஏர்டைம். ஒவ்வொரு கருவியும் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கும் நேரமே அங்கு உண்மையான பற்றாக்குறை.

அப்படியானால் வை-ஃபையில் எக்ஸ்டிபி எதற்கு? சிறிய சிபியுவின் சுமையைக் குறைக்க. வேண்டாத பாக்கெட்டை வாசலிலேயே நிறுத்த. கம்பிவழியிலும் கம்பியில்லாமலும் ஒரே நிரலை, ஒரே கருவிகளைக் கொண்டு இயக்க. சிப் தயாரிப்பாளர்கள் தரும் வன்பொருள் ஆஃப்லோட் முறைகள் இன்று வேகத்தைத் தருகின்றன. அந்தப் பாதையில் போகும் பாக்கெட்டுகளைக் கெர்னல் பார்ப்பதில்லை. அங்கே என்ன விதி ஓடுகிறது என்று நம்மால் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஈபிபிஎஃப் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், கெர்னலின் வெரிஃபையர் சோதித்த பிறகே ஓட்டலாம். 32-பிட் மிப்ஸ் சிபியுக்களுக்கான ஈபிபிஎஃப் ஜிட் கம்பைலர் 2022 தொடக்கத்தில் வெளியான 5.16 பதிப்பிலேயே வந்துவிட்டதால், விலை மலிந்த ரவுட்டர்களிலும் இதைச் சோதிக்கத் தடையில்லை.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்வி. ஈதர்நெட் டிரைவரில் இது எளிது. ரிங்கிலிருந்து எடுத்த பஃபரின் தொடக்கத்தில் ஈதர்நெட் ஹெட்டர் இருக்கும். நிரலை அங்கேயே ஓட்டலாம். வை-ஃபை ரிங்கிலிருந்து எடுத்த ஒரு ஃபிரேமைப் பின்தொடர்ந்து பாருங்கள். முன்னால் இருப்பது 802.11 ஹெட்டர்; அதில் மூன்று முகவரிகளோ நான்கு முகவரிகளோ இருக்கலாம். அடுத்து சேவைத்தரப் புலம். சிசிஎம்பி குறியாக்கம் என்றால் 8 பைட் தலைப்பு, கடைசியில் 8 பைட் சரிபார்ப்புக் குறி. வன்பொருள் குறியாக்கத்தை நீக்கியிருக்கலாம், நீக்காமலும் விட்டிருக்கலாம். நீக்கியிருந்தாலும், பழைய ஃபிரேம் ஒன்றை யாரோ மீண்டும் அனுப்புகிறாரா என்று பாக்கெட் எண்ணைச் சரிபார்த்தாக வேண்டும். நடுவில் ஒரு ஃபிரேம் தொலைந்திருந்தால், பின்னால் வந்தவை ரீஆர்டர் பஃபரில் காத்திருக்கும்; 802.11என் தரத்தில் அந்தப் பஃபரின் சாளரம் 64 ஃபிரேம், 802.11ஏஎக்ஸில் 256. ஏ-எம்எஸ்டியு என்றால் ஒரே ஃபிரேமுக்குள் பல ஈதர்நெட் பாக்கெட்டுகள் அடங்கியிருக்கும். ஒரு பாக்கெட் பல பஃபர்களில் பரவிக் கிடக்கும் நிலையை எக்ஸ்டிபி 2022-இல், 5.18 பதிப்பில் கற்றுக்கொண்டது. இங்கே நமக்கு இருப்பது அதன் தலைகீழ்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸ்டிபி நிரலை நாம் மாட்டுவது நெட் டிவைஸ் ஒன்றில். ஒரே ரேடியோவில் அலுவலகத்துக்கு ஓர் எஸ்எஸ்ஐடி, விருந்தினருக்கு இன்னொன்று என்று இருந்தால் நெட் டிவைஸும் இரண்டு. வரும் ரிங் மட்டும் பொது. ஃபிரேம் எந்த நிலையத்துடையது (அதாவது இணைந்திருக்கும் எந்தக் கருவியுடையது), எந்த எஸ்எஸ்ஐடிக்கு உரியது என்று கண்டுபிடிக்கும் வரை எந்த நிரலை ஓட்டுவது என்பதே தெரியாது. ரேடியோவுக்கென்று சொந்தமாக ஒரு நெட் டிவைஸ் கிடையாது. எம்டி76 டிரைவர் நாபி எனும் கெர்னலின் பாக்கெட் பெறும் முறைக்காகப் பெயரளவுக்கு ஒரு போலி நெட் டிவைஸை உருவாக்கிக்கொள்வது இதனால்தான்.

இவற்றையெல்லாம் கவனிக்காமல், ரிங்கிலிருந்து எடுத்தவுடன் நிரலை ஓட்டினால் என்ன ஆகும்? வேகம் கிடைக்கும், பாதுகாப்பு போகும். 2021 மே மாதம் வெளியான ஃபிராக்அட்டாக்ஸ் குறைகள் நம் அனைவருக்கும் நினைவிருக்க வேண்டும். ஃபிரேம் துண்டுகளையும் ஏ-எம்எஸ்டியு தொகுப்புகளையும் சரிபார்க்காமல் ஏற்பதால் எழுந்தவை அவற்றில் பல. அனுப்பியவர் இன்னும் அங்கீகாரமே பெறாத நிலையில் அவருடைய ஈஏபிஓஎல் என்ற அங்கீகார ஃபிரேம்களை அணுகல் முனையம் மற்றவர்களுக்கு அனுப்பிவைப்பதும் அந்தப் பட்டியலில் ஒரு குறை. சரிபார்ப்புக்கு முன்பே ரீடைரக்ட் செய்யும் எக்ஸ்டிபி நிரல் இதே குறையைப் புதிய கதவு வழியாகக் கொண்டுவரும்.

எனவே சரியான இடம், குறியாக்கமும் பாக்கெட் எண்ணும் இரட்டிப்பும் வரிசை முறையும் சரிபார்க்கப்பட்டு, ஹெட்டர் ஈதர்நெட் வடிவத்துக்கு மாறிய பிறகு, எஸ்கேபிக்கு முன்பு. மேக்80211-இல் 2016 முதல் இருக்கும் விரைவுப் பெறுபாதை இந்த நிபந்தனைகளில் பலவற்றை ஏற்கெனவே விதிக்கிறது. நிலையம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், ஃபிரேம் குறியாக்கம் நீக்கப்பட்டிருக்க வேண்டும், துண்டாக இருக்கக் கூடாது. ஈஏபிஓஎல் போன்றவை மெதுவான பாதைக்கே போக வேண்டும். ஹெட்டர் மாற்றத்தை வன்பொருளே செய்துதரும் சிப்களும் இப்போது உண்டு. அப்படிப்பட்ட சிப்களில், இதே நிபந்தனைகளை நிறைவேற்றிய ஃபிரேம்களுக்கு மட்டும் எக்ஸ்டிபியைத் திறந்துவிடுவது முதல் படியாக இருக்கட்டும். மற்ற ஃபிரேம்கள் பழைய பாதையில் போகட்டும். எல்லா சிப்களுக்கும் ஒரே நாளில் தர வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை.

ஜெனரிக் எக்ஸ்டிபி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2017-இல் வந்த அந்த முறை எந்த இன்டர்ஃபேஸிலும் ஓடும். நிரலைச் சோதித்துப் பார்க்க மிக உதவும். ஆனால் அது ஓடுவது எஸ்கேபி ஒதுக்கிய பிறகு. முன்னால் 256 பைட் காலியிடம் இல்லையென்றால் பாக்கெட்டையே நகலெடுக்க வேண்டிவரும். மிச்சப்படுத்த வந்த செலவை முதலிலேயே செய்துவிடுவதால், அதில் கிடைத்த அளவீட்டைக் காட்டி “வை-ஃபையில் எக்ஸ்டிபி பயனில்லை” என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

அனுப்பும் பக்கத்துக்கு வருவோம். இந்த உரையை எழுத வைத்த கவலை அங்கேதான் இருக்கிறது. கம்பிவழிக் கார்டுக்கு எக்ஸ்டிபி ஒரு பாக்கெட்டை ரீடைரக்ட் செய்தால், அது கெர்னலின் எந்த வரிசையிலும் நிற்காமல் நேரே கார்டின் ரிங்குக்குப் போகும். ரிங் நிரம்பியிருந்தால் பாக்கெட் விழும். பத்து ஜிகாபிட் கம்பியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வை-ஃபையில் பொறுக்க முடியாது.

ஒரு கணக்கு போடுவோம். ஒரே முனையத்தில் இரண்டு மடிக்கணினிகள். ஒன்று பக்கத்திலேயே இருந்து 866.7 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது. மற்றொன்று கடைசி அறையில் 6 மெகாபிட்டில் தடுமாறுகிறது. 1500 பைட் பாக்கெட் முதலாவதற்கு 14 மைக்ரோ நொடியில் போய்விடும். இரண்டாவதற்கு 2000 மைக்ரோ நொடி ஆகும். வந்த வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாக அனுப்பினால், வேகமான மடிக்கணினிக்கும் 6 மெகாபிட்டுக்குமேல் கிடைக்காது. காத்திருப்பு, ஒப்புதல் போன்ற செலவுகளைச் சேர்க்காமலே இந்த நிலை. தடுமாறும் ஒருவர் எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுவார்.

இதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. எக்ஸ்டிபி பிறந்த அதே 2016-இல்தான் தாமதத்தைக் குறைக்கும் எஃப்க்யூ-கோடெல் வரிசை முறை மேக்80211-க்குள் வந்தது. நிலையத்துக்கு ஒன்றாக வரிசை, அவற்றுக்கிடையே ஏர்டைமைச் சமமாகப் பங்கிடுதல் என்ற வடிவம் 2017-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கப்பட்டது; சுமை இருக்கும்போது தாமதம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை அது காட்டியது. 2019-இல் அந்தப் பங்கீடு மேக்80211-க்கே வந்தது. ஃபர்ம்வேருக்குள் அளவுக்குமேல் பாக்கெட் தேங்காமல் தடுக்கும் ஏர்டைம் வரம்பு 2020-இல் சேர்ந்தது. இந்த முயற்சிக்கு ஆண்டுக்கணக்கில் தோள்கொடுத்த டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறைந்தார். இன்று உலகெங்கும் வீட்டு ரவுட்டர்களில் வீடியோ அழைப்பு அறுபடாமல் ஓடுவதில் அவர் உழைப்புக்குப் பங்குண்டு. 2017 கட்டுரைக்கும், எக்ஸ்டிபியை விளக்கிய 2018 கட்டுரைக்கும் முதல் ஆசிரியர் ஒருவரே: டோகே ஹொய்லண்ட்-யோர்கென்சன். ஆகவே வேகமும் வரிசையும் இரண்டு எதிர்க்கட்சிகள் அல்ல. இரண்டையும் அறிந்தவர்களே இரண்டையும் கட்டினார்கள்.

வரிசை ஏன் வேண்டும் என்பதை ஏ-எம்பிடியு தொகுப்பும் காட்டுகிறது. ஒரு நிலையத்துக்கான பாக்கெட்டுகள் வரிசையில் சேர்ந்திருந்தால்தான் அவற்றை ஒரே தவணையில் தொகுத்து அனுப்ப முடியும். தூங்கும் கைப்பேசிக்கான பாக்கெட்டுகளை அது விழிக்கும் வரை வைத்திருக்கவும் வரிசை வேண்டும். வை-ஃபையில் வரிசை என்பது தடங்கல் அல்ல. வேகம் உருவாகும் இடமே அதுதான். எனவே எக்ஸ்டிபியிலிருந்து வரும் பாக்கெட், மேக்80211-இன் நிலைய வரிசைக்குள் மற்ற பாக்கெட்டுகளைப் போலவே நுழைந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்டிபிக்கே வரிசையும் முறைவைப்பும் தரும் முன்மொழிவு ஒன்று 2022-இல் பாட்ச்களாக வந்தது. அந்த உரையாடலை வை-ஃபைக்காரர்கள் முன்னெடுக்க வேண்டும். வந்த வழியே திருப்பி அனுப்பும் தீர்ப்பை வை-ஃபையில் இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம்.

வேலை எங்கே தொடங்கலாம்? டிரைவரின் பஃபர் நிர்வாகத்தை பேஜ் பூலுக்கு மாற்றுவதில். எம்டி76 இதை 2023-இல் செய்துவிட்டது. எக்ஸ்டிபி வராவிட்டாலும் இது வீண் போகாத வேலை. அடுத்து, மேலே சொன்ன இடத்தில் பெறுபாதைக் கொக்கி: கைவிடு, மேலே விடு, கம்பிவழிக்கு ரீடைரக்ட் செய் ஆகிய மூன்று தீர்ப்புகளுடன் மட்டும். மூன்றாவதாக, எக்ஸ்டிபி மெட்டாடேட்டா வழியாக நிலையத்தின் அடையாளம், சமிக்ஞை வலு போன்றவற்றை நிரலுக்குக் காட்டுவது. கம்பிவழியில் கிடைக்காத தகவல் இது. வை-ஃபை எக்ஸ்டிபிக்குத் தனி மதிப்பு வருவது இதனால்தான்.

குவால்காம் 2024-இல் கம்பியில்லாத் தொழில்நுட்பங்களுக்கென்றே சென்னையில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்திருக்கிறது. வை-ஃபை டிரைவர் எழுதுவோர் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் ஏராளம். இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலர் அந்த நிரலைத் தினமும் தொடுபவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வை-ஃபை எக்ஸ்டிபி பாட்ச் அனுப்பும்போது நொடிக்கு எத்தனை பாக்கெட் என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். மெதுவான நிலையம் ஒன்றையும் சேர்த்து ஃபிளென்ட் சோதனைக் கருவியில் ஓட்டி, சுமையின்போது தாமதம் எவ்வளவு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏர்டைம் எவ்வளவு என்ற இரண்டு அளவுகளையும் கூடவே தாருங்கள். பாட்சைச் சரிபார்ப்பவராக இருந்தால், அந்த இரண்டும் இல்லாத பாட்சை ஏற்காதீர்கள்.