வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது...

பி.காம் முடிப்பவர்களில் பலருக்கு முதல் வேலை கால் சென்டரிலோ வங்கியின் உதவி மையத்திலோதான் அமைகிறது. அப்படிச் சேர்ந்த ஒருவருக்கு இது இரண்டாவது வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் ஹெட்செட். "ஏடிஎம்ல பணம் வரலை, ஆனா அக்கவுண்ட்ல கழிச்சிட்டீங்க. எப்ப திரும்ப வரும்?" என்று எதிர்முனையில் ஒருவர் கத்துகிறார். பதில் ஆபீஸ் உதவி ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் எங்கே? பதினான்கு பக்க வேர்ட் ஃபைலில், ஒன்பதாம் பக்கத்தில், ஒரு நீளமான பாராவுக்கு நடுவில். முதல் இரண்டு பக்கமும் 'இந்த ஆவணத்தின் நோக்கம்'!

அந்தப் புது ஊழியர் என்ன செய்வார்? பக்கத்து சீட் சீனியரைக் கேட்பார். அவரும் இன்னொரு காலில் இருந்தால், குத்துமதிப்பாக எதையாவது சொல்லிவிடுவார். பதில் தவறு என்று பின்னால் தெரிந்தால் மார்க் குறைவது அவருக்குத்தான், ஆவணத்தை எழுதியவருக்கு அல்ல. இதுதான் அநியாயம்.

ஆவணத்தை ஒழுங்காக அமைப்பது என்றால் தலைப்புக்குக் கலர் கொடுப்பது, லோகோ ஒட்டுவது என்றே பல இடங்களில் நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. வலைப்பக்கங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன் 1997-ல் எழுதியதில், அவருடைய சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தில் சும்மா கண்ணை ஓட்டினார்கள் என்கிறார். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் வெறும் 16 சதவீதம். காதில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது படிப்பவரின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1992 முதல் வளர்ந்துவரும் 'கேசிஎஸ்' என்ற முறையில், ஒரு குறிப்புக்கு நான்கு பகுதிகள்தான்: பிரச்சினை, சூழல், தீர்வு, காரணம். அந்த ஏடிஎம் கேள்வியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

பிரச்சினை: ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது.

சூழல்: ஏடிஎம் மட்டும். யுபிஐக்கு வேறு பக்கம்.

தீர்வு: பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும்.

காரணம்: ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை.

அவ்வளவுதான். தலைப்பு வாடிக்கையாளர் பேசும் வார்த்தையிலேயே இருப்பதைக் கவனியுங்கள். 'தோல்வியுற்ற பரிவர்த்தனைக் கொள்கை' என்று வைத்தால் அவசரத்தில் யார் அப்படித் தேடுவார்கள்? கூடவே, கடைசியாகச் சரிபார்த்த தேதியும் சரிபார்த்தவர் பெயரும் அடியில் இருந்தால் இன்னும் நல்லது.

"நல்லா ட்ரெயினிங் கொடுத்தா போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ட்ரெயினிங்கில் கேட்டது பத்து நாளில் பாதி மறந்துபோகும். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். பதினான்கு பக்க ஃபைலில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் கை வராது. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று இருந்தால் இரண்டு நிமிட வேலை. திருத்தாத பழைய ஆவணம், ஆவணமே இல்லாததைவிட ஆபத்து. தவறான பதிலை அது நம்பிக்கையோடு சொல்ல வைக்கும். நாளுக்கு நூறு ரூபாய் கிடைக்க வேண்டிய மனிதருக்கு, அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் போய்விடும்.

ஆவணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆடிட் எதுவும் தேவையில்லை. நேற்று சேர்ந்தவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துத் தேடச் சொன்னால் போதும். அரை நிமிடத்தில் பதில் கிடைத்தால் ஆவணம் பாஸ். கிடைக்கவில்லை என்றால், ஃபெயில் ஆனது நிச்சயமாக அவர் இல்லை.